அசாயே யானை: ஒரு படைச்சின்னத்தின் இரு பக்கங்கள்

1. கேள்வி

மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் தொப்பிச் சின்னம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், ஒரு கேடயம், கேடயத்தின் மேல் ஒரு யானை. தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்யும் சின்னம் எதையும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் புடைத்து நிற்கும் உருவம் பின்பக்கம் பள்ளமாகவும் இடம்வலம் மாறியும் இருக்கும். தொப்பியில் மாட்டும் கொக்கியும் அங்கேதான் பற்றவைக்கப்பட்டிருக்கும். அணிவகுப்புக்கு முந்தைய இரவு பிராசோ போட்டுத் துடைக்கப்படுவது முன்பக்கம் மட்டுமே. துணியையும் தலையையும் ஒட்டிக் கிடக்கும் பின்பக்கத்தை எவரும் துடைப்பதில்லை.

இந்த யானைக்கும் அப்படி ஒரு பின்பக்கம் உண்டு. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயே என்ற சிற்றூருக்கு அருகே நடந்த போரின் நினைவுச்சின்னம் அது. அங்கே வென்றது கிழக்கிந்தியக் கம்பெனி. தோற்றவர்கள் மராட்டியத் தலைவர்களான தௌலத்ராவ் சிந்தியாவும் நாகபுரியின் ரகோஜி போன்ஸ்லேயும். சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் கம்பெனிக்காகப் போரிட்டார்கள்.

விடுதலைக்குப் பின், இந்திய ஆட்சியாளர்களை எதிர்த்து ஆங்கிலேயர் பொருட்டு ஈட்டப்பட்ட போர்ச்சிறப்புகளை இந்திய அரசு ‘ஏற்கத்தகாதவை’ எனத் தனியே வகைப்படுத்தியது. சோளிங்கர், சீரங்கப்பட்டணம், அசாயே, கோரேகான், 1857இன் டெல்லி, லக்னோ போன்றவை இந்த வகையில் சேர்ந்தன. இப்பெயர்களைப் படைக்கொடியில் பொறிப்பதில்லை. அந்நாள்களைப் போர்ச்சிறப்பு நாளாகக் கொண்டாடுவதும் இல்லை. ஆயினும் அசாயேயின் யானை சிப்பாயின் நெற்றிக்கு மேல் ஒவ்வொரு நாளும் ஏறுகிறது.

பெயர் விலக்கப்பட்டபோது வடிவம் மட்டும் எப்படி நிலைத்தது, அப்படி நிலைத்தது முறைதானா என்ற இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு படைச்சின்னத்தின் பொருளை முடிவு செய்வது அதை வழங்கியவரா, அணிந்தவரா என்ற பழைய கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

2. சின்னம் செய்யும் வேலைகள்

படைச்சின்னம் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. நம்மவர் யார், மாற்றார் யார் என்று காட்டுவது முதல் வேலை. தமிழுக்கு இது மிகப் பழைய செய்தி. கடும்பகைக்கு நடுவே வேந்தர் படைகளை இனம்காணும்பொருட்டுச் சூடிய பூக்கள் என்று போந்தையையும் வேம்பையும் ஆரையும் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் சொல்கிறது. போந்தை சேரனுக்கு, வேம்பு பாண்டியனுக்கு, ஆர் எனும் ஆத்தி சோழனுக்கு. இங்கே பூவின் அழகைவிட அதன் பயனே முன்னால் நிற்கிறது. புழுதியும் குருதியும் கலந்த களத்தில் பக்கத்தில் நிற்பவன் நம் ஆளா என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தத் தேவை மறையவே இல்லை. முதல் உலகப் போரின் இறுதி ஆண்டான 1918இல் அமெரிக்காவின் 81ஆம் டிவிஷன் வீரர்கள் சட்டையின் தோள்பகுதியில் ஒரு காட்டுப்பூனை உருவத்தைத் தைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார்கள். மற்ற படையினர் இதை எதிர்த்தார்கள். தளபதி பெர்ஷிங் அதை அனுமதித்ததோடு பிற டிவிஷன்களும் தத்தமக்கென ஒரு சின்னம் வைத்துக்கொள்ள வழிவிட்டார். அமெரிக்கப் படையின் தோள்பட்டைச் சின்னங்கள் பரவியது அதன் பிறகுதான்.

இரண்டாவது வேலை, நடந்துமுடிந்த ஒரு செயலை உடம்பில் நிறுத்திவைப்பது. பிரிட்டனின் 28ஆம் காலாட்படை 1801 மார்ச்சில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் முன்னும் பின்னும் தாக்கப்பட்டபோது, பின்வரிசையினர் திரும்பி நின்று முதுகோடு முதுகு சேர்த்துப் போரிட்டனர். அதன் வழிவந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் தொப்பியின் முன்னால் ஒரு சின்னமும் பின்னால் இன்னொரு சின்னமும் அணிந்தது. அந்தப் பின்சின்னத்தின் உருவத்தை விட்டுவிட்டாலும், அது அமர்ந்திருக்கும் இடமே கதையைச் சொல்லிவிடும். சின்னம் என்ன என்பதோடு அதை எங்கே, எப்படி அணிகிறார்கள் என்பதும் பொருளின் பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மூன்றாவது வேலை உரிமை. ‘நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், இந்தக் கூட்டம் என்னைச் சேர்ந்தது’ என்ற உணர்வை ஊட்டுவது. முதல் இரண்டையும் மேலிடம் ஆணையிட்டு உண்டாக்கிவிடலாம். உரிமை அப்படிப் பிறப்பதில்லை, அணிபவன் மனம் ஒப்பினால்தான் பிறக்கும். அசாயே யானையின் கதையும் அதன் மூன்றாம் ஆண்டில் வேலூரில் நடந்ததும் இந்த வேறுபாட்டை மையமாகக் கொண்டவை.

3. யானை வந்த வழி

அசாயேயில் கம்பெனிப் படையை நடத்தியவர் மேஜர் ஜெனரல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகன். கைத்னா, ஜுவா என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், தம்மைவிடப் பலமடங்கு பெரிய படையை அவர் தாக்கினார். அவரிடம் 74, 78ஆம் ஹைலாண்டர் படைகளும் 19ஆம் இலகு குதிரைப்படையும் சென்னைக் குதிரைப்படைப் பிரிவுகளும் சென்னைக் காலாட்படையின் ஐந்து பட்டாலியன்களும் இருந்தன. 2ஆம், 4ஆம், 8ஆம், 10ஆம் ரெஜிமெண்ட்டுகளின் முதல் பட்டாலியன்களும் 12ஆம் ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாலியனுமே அந்த ஐந்து. கம்பெனித் தரப்பில் 428 பேர் இறந்தார்கள், 1,138 பேர் காயமுற்றார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சிந்தியாவின் பீரங்கிகள் ஏறத்தாழ நூறு பிடிபட்டன. வாட்டர்லூவை வென்ற பிறகும், தாம் நடத்திய போர்களில் சிறந்ததாக வெலிங்டன் அசாயேயையே சொன்னார் என்பது வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் செய்தி.

போர் முடிந்த அடுத்த மாதமே, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த அவருடைய அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி, களத்தில் நின்ற படைகளுக்குச் சிறப்புக் கொடிகளை அறிவித்தார். வெற்றியை நினைவூட்டும் உருவமாக அமைந்தது யானை. 74ஆம் ஹைலாண்டர் படை இணைந்து உருவான ஹைலாண்ட் இலகு காலாட்படையின் தொப்பிச் சின்னத்திலும் அசாயே என்ற பெயரோடு யானை இடம்பெற்றது. 19ஆம் இலகு குதிரைப்படையும் அதைப் பெற்றது.

யானையைத் தேர்ந்தது தற்செயலாகத் தெரியவில்லை. இந்தியாவில் போரிட்ட பிரிட்டிஷ் படைகளுக்கு யானையும் புலியும் அடிக்கடி சின்னங்களாயின. சென்னையில் தோன்றிய ஐரோப்பியப் படையொன்றின் வழிவந்த ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ், 1922இல் கலைக்கப்படும்வரை, புலியையும் யானையையும் ஒருசேர அணிந்திருந்தது. அவர்கள் கண்ணில் யானை இந்த மண்ணின் உருவம். அதைத் தொப்பியில் அணிவது ‘இந்த மண்ணை வென்றோம்’ என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அதே யானை சென்னைச் சிப்பாயின் தொப்பிக்கு வந்தபோது என்ன பொருள் தந்தது? அவனைப் பொறுத்தவரை யானை அயல்நாட்டு விலங்கு அன்று. நால்வகைப் படையில் ஒன்று, கோயில் வாசலில் நிற்பது, மன்னன் ஏறி வருவது. அவனுடைய தாய்மொழி தமிழாகவோ தெலுங்காகவோ தக்கினியாகவோ இருக்கலாம், யானை எந்த மொழியிலும் பெருமைக்குரியதே. வழங்கியவர் எழுதிய பொருளும் அணிந்தவர் படித்த பொருளும் முதல் நாளிலிருந்தே வேறுவேறாக இருந்திருக்க இடமுண்டு.

போரின் இரு தரப்பையும் இன்றைய மாநில எல்லைகளைக் கொண்டு பிரிப்பதும் பொருந்தாது. சிந்தியாவின் பயிற்சி பெற்ற காலாட்படையில் பெரும்பகுதியினர் கங்கைச் சமவெளியிலிருந்து சேர்ந்தவர்கள், அவர்களை நடத்தியவர்களில் ஐரோப்பியரும் இருந்தனர். வெல்லெஸ்லியின் பக்கம் மைசூர்க் குதிரைப்படையும் பேஷ்வாவைச் சார்ந்த மராட்டியக் குதிரைப்படையும் நின்றன. எனவே ‘தமிழர் மராட்டியரை வென்ற போர்’ என்று அசாயேயைச் சுருக்கினால் பிழையாகும். கூலிக்கும் விசுவாசத்துக்கும் வறுமைக்கும் கட்டுப்பட்ட இந்தியர்கள் இருபுறமும் நின்ற போர் அது. அதன் பயனை அடைந்தது கம்பெனி.

4. வேலூர்: அணிய மறுத்த தலை

யானை வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டது. தோலால் செய்த குஞ்சம் வைத்தது அது, பார்ப்பதற்கு ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அணிவகுப்பில் நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் 1806இல் சேர்ந்துகொண்டன. சீருடையோடு அணியத் தந்த ஒரு திருகாணிக் கருவி சிலுவைபோல் இருக்கிறது என்ற பேச்சும் பரவியது.

மேலிடம் இதைச் சீர்மை என்று கருதியது. சிப்பாய்க்கு இது வேறு கணக்கு. திருநீறோ திருமண்ணோ கடுக்கனோ அவனுக்கு அலங்காரப் பொருள்கள் அல்ல. தன் குலத்தையும் தெய்வத்தையும் ஊரையும் தன் உடம்பில் அறிவித்த சின்னங்கள் அவை. ஒரு சின்னத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கச் சொன்னது ஆணை. எந்த விலங்கின் தோலோ என்ற அருவருப்பு இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. தொப்பி அணிந்தவன் பரங்கி என்றால், தொப்பியை அணியவைப்பது பரங்கியாக்குவதற்கு முதற்படி என்ற அச்சம் இரு சமயத்தாரையும் ஒன்றாக்கியது.

1806 மே மாதம் வேலூர்க் கோட்டையில் ஒரு பட்டாலியன் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. அது 4ஆம் ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாலியன். அசாயேயில் நின்று யானையை ஈட்டிய ஐந்தில் ஒன்று இதே 4ஆம் ரெஜிமெண்ட்டின் முதல் பட்டாலியன் என்பதை மேலே பார்த்தோம். ஒரே எண் தாங்கிய ரெஜிமெண்ட்டின் ஒரு பாதி பெற்ற சின்னம் பெருமையாகப் பதிவானது. மறுபாதி மறுத்த சின்னம் குற்றமானது. முன்னின்றவர்கள் என்று கருதப்பட்ட இருவருக்கு, ஓர் இந்து ஒரு முஸ்லிம், கசையடியும் பணிநீக்கமும் கிடைத்தன.

ஜூலை 10 விடியுமுன் வேலூரில் எழுச்சி வெடித்தது. 1ஆம் ரெஜிமெண்ட்டின் இரு பட்டாலியன்களும் 23ஆம் ரெஜிமெண்ட்டின் ஒரு பட்டாலியனும் அப்போது கோட்டையில் இருந்தன. பிரிட்டிஷ் 69ஆம் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி விரைந்து வந்து அன்றே எழுச்சியை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். கில்லெஸ்பி அழைத்துவந்தது 19ஆம் இலகு குதிரைப்படையை. அசாயேக்காக யானையைப் பெற்ற அதே படை, மூன்றாண்டுக்கு முன் அந்தக் களத்தில் சென்னைச் சிப்பாய்களோடு நின்ற அதே படை.

எழுச்சிக்குக் காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு தொடக்கம் முதலே உண்டு. உடை விதிகளும் வேலூரில் திப்புவின் குடும்பம் வைக்கப்பட்டிருந்ததும் என இரண்டையும் அன்றைய விசாரணைக் குழு குறிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களில் கே. ராஜய்யன் தென்னாட்டுப் பாளையக்காரர் எதிர்ப்பின் தொடர்ச்சியை முன்வைக்கிறார். கா. அ. மணிக்குமார் சிப்பாய்களின் ஊர்ப்புறத் துயரங்களையும் கணக்கில் எடுக்கிறார். தலைப்பாகை ஒன்றே காரணம் என்று சொல்வது சிப்பாயை மூடநம்பிக்கையாளனாகச் சுருக்கும் காலனியப் பார்வை என்ற எச்சரிக்கை நியாயமானது. அதே நேரம், தலைப்பாகையை வெறும் சாக்கு என்று தள்ளுவதும் சரியன்று. நிலத்தில் பட்ட அடியும் அரசியலில் பட்ட அடியும் ஒவ்வொரு சிப்பாயின் உடம்பிலும் வந்து சேர்ந்த இடம் அந்தத் தலைப்பாகை. தான் இழந்தவற்றை எல்லாம் அவன் அதில் கண்ணால் காணவும் கையால் தொடவும் முடிந்தது.

புதிய உடை விதிகள் கைவிடப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிராடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர்.

5. சீதாபல்டி: திரும்பக் கேட்ட எண்

வேலூருக்குப் பிறகு கம்பெனி தந்த தண்டனைகளில் ஒன்று வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. 1ஆம், 23ஆம் ரெஜிமெண்ட்டுகள் படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தை 24, 25 என்ற புதிய எண்கள் நிரப்பின. சென்னைப் படையின் மூத்த ரெஜிமெண்ட் என்ற பெருமை தந்த ‘ஒன்று’ பறிபோனது. சட்டையின் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் அந்த ரெஜிமெண்ட்டை அடையாளம் காட்டிய பழைய நிறமும் போனது.

1817 நவம்பர் 26, 27 நாள்களில் நாகபுரிக்கு அருகே சீதாபல்டிக் குன்றுகளில் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் படை கம்பெனியின் சிறு படையைச் சூழ்ந்தது. குன்றைக் காத்த பட்டாலியன்களில் ஒன்று அந்த 24ஆம் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தது. போர் முடிந்தபின் அவர்கள் வேண்டிய பரிசு தங்கள் பழைய எண்ணும் பழைய நிறமும்தான். வேண்டியது கிடைத்தது, 24 மீண்டும் 1 ஆனது.

வேலூரையும் சீதாபல்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது இக்கட்டுரையின் கேள்விக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. தோல் குஞ்சமும் கம்பெனி கொடுத்தது, எண்ணும் நிறமும் கம்பெனி கொடுத்தவை. வழங்கியவர் ஒருவரே. முன்னதை உயிரைக் கொடுத்து மறுத்த ஒரு ரெஜிமெண்ட், பின்னதை உயிரைப் பணயம் வைத்துத் திரும்பப் பெற்றது. வேறுபாடு பொருளில் இல்லை. எண்ணுக்குள் அவர்கள் தங்கள் முன்னோரின் பணியையும் இறந்த தோழர்களையும் ஒன்றாகச் சோறுண்ட ஆண்டுகளையும் வைத்திருந்தார்கள், தலைப்பாகைக்குள் அப்படி எதுவும் இல்லை. சின்னத்தை அரசு வழங்கலாம். அதை மதிப்புக்குரியதாக்கும் வேலை சிப்பாயுடையது.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சீதாபல்டியிலும் அவர்கள் எதிர்த்துப் போரிட்டது ஓர் இந்திய அரசனை. மானத்தை மீட்ட அதே செயல் இந்நாட்டின் இன்னொரு பகுதியை அந்நியருக்கு அடிமையாக்கியது. சிப்பாயின் பெருமை உண்மையானது, அது யாருக்குப் பயன்பட்டது என்பதும் உண்மை.

6. விடுதலைக்குப் பின்: களையப்பட்டவையும் எஞ்சியவையும்

1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானபோது படைச்சின்னங்களில் முதலில் மறைந்தது மகுடம். அதிகாரிகளின் தோளிலும் ரெஜிமெண்ட் சின்னங்களின் உச்சியிலும் அது இருந்த இடத்தை அசோகரின் சிங்கத் தலை ஏற்றது. பதவிநிலை காட்டிய பிரிட்டிஷ் பாணி நட்சத்திரம் ஐந்துமுனை நட்சத்திரமாயிற்று. ‘ராயல்’ என்ற அடைமொழிகள் உதிர்ந்தன. இவற்றில் குழப்பம் ஏதும் எழவில்லை, மகுடம் ஓர் அரசரைக் குறித்தது, அரசர் இனி இல்லை.

ரெஜிமெண்ட்டுகளின் தனிச்சின்னங்களோ சிக்கலானவை. இங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோடு வைத்துப் பார்க்கத்தக்கது மஹார் ரெஜிமெண்ட். 1941இல் அது எழுப்பப்பட்டபோது, கோரேகான் தூண் அதன் சின்னத்தில் இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் படையோடு நடந்த கோரேகான் போரில் இறந்த கம்பெனி வீரர்களுக்கு எழுப்பிய தூண் அது. அதில் பொறித்த பெயர்களில் 22 மஹார்களுடையவை. பின்னாளில் சின்னத்திலிருந்து தூண் எடுக்கப்பட்டு அங்கே ஒரு குத்துவாள் வந்தது.

இரண்டு சின்னங்களும் பதினைந்து ஆண்டு இடைவெளியில் நடந்த மராட்டியப் போர்களிலிருந்து வந்தவை. இரண்டு போர்ச்சிறப்புகளும் ஏற்கத்தகாதவை. தூண் போனது, யானை இருக்கிறது. என் கணிப்பில் காரணம் வடிவத்தின் இயல்பில் இருக்கிறது. தூண் ஒரே ஓர் இடத்தில் நிற்பது. அதன் உருவத்தைப் பார்த்ததும் ஊரும் நாளும் எதிரியும் நினைவுக்கு வந்துவிடும். யானை எங்கும் நிற்கும். ‘அசாயே’ என்ற எழுத்தை எடுத்துவிட்டால் அது வலிமைக்கும் பொறுமைக்கும் தென்னாட்டுக் காடுகளுக்கும் பொதுவான ஓர் உருவமாகிவிடுகிறது. பெயரோடு ஒட்டிய சின்னத்தைப் பெயரோடு எடுக்க வேண்டியிருந்தது, பெயரிலிருந்து கழன்றுகொள்ளக்கூடிய சின்னம் தப்பித்தது.

மஹார்களின் தூண் இன்னொன்றையும் கற்பிக்கிறது. ‘ஏற்கத்தகாதது’ என்ற சொல் எல்லாருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அந்தத் தூணுக்குச் சென்றார். அதற்குப் பின் அது தீண்டாமைக்கு எதிரான தன்மதிப்பின் இடமாக ஒடுக்கப்பட்ட மக்களால் போற்றப்படுகிறது. அரசின் பட்டியலில் அது கம்பெனி வெற்றி. ஆண்டுதோறும் அங்கே கூடும் இலட்சக்கணக்கானோருக்கு அது பேஷ்வா ஆட்சியின் சாதிக்கொடுமை தோற்ற நாள். ஒரே கல்லில் இருவேறு நினைவுகள் எழுதப்பட்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வது அறமாகாது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உதவும். அமெரிக்காவின் 45ஆம் காலாட்படை டிவிஷன் தொடக்கத்தில் சிவப்புச் சதுரத்தின் மேல் மஞ்சள் சுவஸ்திகத்தை அணிந்திருந்தது. தென்மேற்குப் பழங்குடி மக்களின் மங்கலக்குறி என்ற முறையில் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜெர்மனியில் நாஜிகள் அதே வடிவத்தை ஏந்தியதும், டிவிஷன் அதைக் கைவிட்டு, அதே பழங்குடி மரபிலிருந்து இடிப்பறவை உருவத்தை எடுத்துக்கொண்டது. 1945 ஏப்ரலில் தாஹாவ் வதைமுகாமை விடுவித்த படைகளில் ஒன்றாக இந்த வீரர்கள் நுழைந்தபோது அவர்கள் தோளில் இருந்தது அந்தப் பறவை. நிறங்களும் மரபும் தொடர, வடிவம் மட்டும் மாறியது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு, வடிவம் தொடரப் பெயர் மறைந்தது.

7. இரு வாதங்கள்

யானையை நீக்க வேண்டும் என்போர் வலுவான காரணங்களைச் சொல்ல முடியும். அது ஓர் ஆக்கிரமிப்புப் போருக்கான கூலியின் ஒரு பகுதி. மராட்டிய மண்ணில் பிறந்த குடிமகனுக்குத் தன் நாட்டுப் படையின் ஒரு பிரிவு தன் முன்னோரின் தோல்வியைச் சூடியிருப்பது உறுத்தலாகலாம். அசாயேயை வென்ற வெலிங்டனின் பெயர்தான் இந்த ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் நீலகிரி ஊருக்கும் சூட்டப்பட்டிருக்கிறது என்பது இந்த உறுத்தலைக் கூட்டும். இந்தியக் கடற்படை 2022 செப்டம்பர் 2 அன்று தன் கொடியிலிருந்து புனித ஜார்ஜ் சிலுவையை நீக்கி, சத்ரபதி சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவத்தை ஏற்றது. மராட்டிய மரபை ஒரு படை உயர்த்திப் பிடிக்கும் காலத்தில் மராட்டியரை வென்ற சின்னம் இன்னொரு படையில் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

வைத்திருக்க வேண்டும் என்போரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சின்னம் சூட்டப்பட்ட நாளோடு அதன் வாழ்வு முடிவதில்லை. 1948இல் தித்வாலிலும் 1965இல் மகாராஜ்கேயிலும் 1971இல் பசந்தர் ஆற்றங்கரையிலும் இந்த ரெஜிமெண்ட் குடியரசு இந்தியாவின் பொருட்டுப் போர்ச்சிறப்புகளை ஈட்டியது. அங்கே வீழ்ந்தவர்களின் தொப்பியில் இருந்ததும் இந்த யானைதான். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற முழக்கத்தோடு மேடேறிய தமிழனும் மலையாளியும் தெலுங்கனும் கன்னடனும் அதற்குப் புதிய பொருளை எழுதினார்கள். அதைக் கழற்றினால் வெல்லெஸ்லிக்கு எந்த நட்டமும் இல்லை. நட்டம் அவர்களுக்குத்தான்.

இரு வாதங்களையும் எடைபோட்டால், எனக்கு இரண்டாவதே கனமாகத் தெரிகிறது. சீதாபல்டியில் கண்ட சான்று இங்கே தீர்மானமாகிறது. சின்னம் அதை மதிப்புக்குரியதாக்கியவர்களின் சொத்து என்றால், யானை சிப்பாயின் சொத்து. ஆனால் சொத்தோடு கடனும் சேர்ந்தே வரும். இப்போதுள்ள ஏற்பாடு அந்தக் கடனைத் தீர்க்கவில்லை. பெயரை மறைத்து வடிவத்தை வைத்துக்கொள்ளும்போது இரண்டு தரப்பு இறந்தவர்களும் ஒருசேர மறைகிறார்கள். சிந்தியாவின் பீரங்கிகளை விட்டகலாமல் அந்த இடத்திலேயே மாண்ட பீரங்கி வீரர்களும் மறைகிறார்கள். கைத்னாவைக் கடந்து அந்தப் பீரங்கிகளை நோக்கி நடந்த சென்னைச் சிப்பாய்களும் மறைகிறார்கள். வேலூரில் அணிய மறுத்து மாண்டவர்களுக்கு அவ்வூரில் நினைவுத்தூண் இருக்கிறது. அது முறைதான். அசாயேயில் மாண்ட அவர்களுடைய தோழர்களோ ஏற்கத்தகாத ஒரு பெயருக்கு அடியில் கிடக்கிறார்கள். இருவரும் ஒரே படையில் இருந்தவர்கள், இன்றைய கண் கொண்டு பார்த்து ஒருவரை வீரர், மற்றவரைக் கூலிக்காரர் என்று பிரித்துவிட்டோம்.

போர்ச்சிறப்பைக் கொண்டாடாமல் இருப்பது சரி. அதை அறியாமல் இருப்பது வேறு. முன்னது மரியாதை, பின்னது மறதி.

8. முடிவுரை

புறநானூற்றின் 45ஆம் பாட்டில் கோவூர்கிழார் ஒரு முற்றுகையின் நடுவே நின்று பேசுகிறார். உறையூர்க் கோட்டைக்கு உள்ளே நெடுங்கிள்ளி, வெளியே நலங்கிள்ளி. இருவரும் சோழர். உன் எதிரி சூடியிருப்பது பனம்பூவும் அன்று, வேம்பும் அன்று; உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று புலவர் சுட்டுகிறார். இருவரில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்பது அவர் சொல்லும் அறம். மாற்றாரை இனம்காணச் சூடிய பூவைக் கொண்டே, எதிரே நிற்பவன் மாற்றான் அல்லன் என்று அவர் காட்டினார்.

1803இல் அசாயேயில் நின்ற இரு படைகளுக்கும் பொதுவான ஒரு கண்ணி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டும் மராத்தா இலகு காலாட்படையும் ஒரே சிங்கத் தலையின் கீழ் ஒரே எல்லையைக் காக்கின்றன. அதனாலேயே இன்று அந்தப் போரைப் பற்றி அச்சமின்றிப் பேச முடியும். யானையை அணிய வரும் இளைஞனிடம் நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: இது அசாயேயிலிருந்து வந்தது, அங்கே உன் படையின் முன்னோர் துணிவோடு போரிட்டார்கள், அவர்கள் எதிர்த்ததும் இந்த நாட்டவரைத்தான், வென்ற மண் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டபின் அவன் சின்னத்தைக் கையில் வாங்கட்டும். தொப்பியில் மாட்டுமுன் ஒருமுறை அதைத் திருப்பி, அந்தப் பள்ளத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். முன்பக்கத்து யானை எழுந்து நிற்பது அதனால்தான்.